முதல் வியாழக்கிழமைச் சம்பந்தி

“உங்கட பழைய சம்பந்தி மோசம் போட்டாவாம், தெரியுமோ?”

வெள்ளிக்கிழமை காலையில் றெக்ஸ்டேலிலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டு நின்றேன். “ஓம், தெரியும்” என்று பொய் சொன்னேன். அவர் வருத்தம் வந்து படுத்திருந்தது தெரியும். இவ்வளவு கெதியில் என்று தெரியாது. திருமதி யோகேஸ்வரியின் மறைவை மூன்றாம் ஆள் வாயால் கேட்க நேர்ந்ததை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதேன். அழுகைக்கு நடுவிலும் அந்தப் ‘பழைய’ என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய வீடு, பழைய கார் என்றால் விளங்குகிறது; விற்றுவிட்டோம், இனி எங்களுடையதில்லை. பழைய சம்பந்தி என்றால் என்ன?

அன்று பின்னேரமே மரண அறிவித்தல் வந்தது. எங்கள் வழக்கப்படி யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாயார், யாருடைய சகோதரி, யாருடைய மைத்துனி என்று ஒரு முழப் பட்டியல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். என் பெயர் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. கடைசி வரியில் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டிருந்தார்கள். இந்த மூன்றில் நான் எது, என்ன முகத்தோடு அந்தச் செத்தவீட்டுக்குப் போவது என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோகேஸ்வரியை நான் யோகமக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகன் பிரதீபனும் என் மகள் தர்சினியும் மணம் முடித்து ஆறு ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்தவர்கள். பிரிந்தும் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் பேரப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் அவரும் நானும் மாதத்தில் ஒரு நாள் ஸ்காபரோவில் ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். பதின்மூன்று ஆண்டுகள் சாப்பிட்டோம். அந்த மேசையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

மார்க்கம் ரோட்டில், சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. நாங்கள் கனடாவுக்கு வருவதற்கு முன்பே இருந்த கடையாம். வாசல் கண்ணாடிக்குள் பிளாஸ்ரிக்கில் செய்த மீனும் இறாலும் வெயிலில் நிறம் போய்க் கிடக்கும். கெய்கோ என்ற அம்மையார் முன்னுக்கு நின்று பரிமாறுவார். கணவர் உள்ளே சமைப்பார். வோபர்னில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அத்தனை காலம் அந்தப் பக்கத்தால் போய் வந்தும் நான் ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

எங்களை அங்கே கொண்டுபோனது பிள்ளைகள். அவர்கள் தாங்களாகவே விரும்பிக் கட்ட நின்றவர்கள். இரண்டு வீட்டிலும் தகப்பன்மார் இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை தாய்மார் இருவரின் தலையிலும் விழுந்தது. எந்த வீட்டில் சந்திப்பது என்பதே முதல் சிக்கல். அவர் என் வீட்டுக்கு வந்தால் பெண்வீட்டார் எத்தனை கறி வைத்தார்கள் என்று பார்ப்பார். நான் அவர் வீட்டுக்குப் போனால் வலியப் போனதாக முடியும். தர்சினி எரிச்சலில், “அம்மா, ரெண்டு பேர் வீடும் வேண்டாம். நியூட்ரல் பிளேஸ்!” என்றாள். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கடைக்குள் காலடி வைத்தேன்.

எனக்கு யோகமக்காவை முதலில் பிடிக்கவில்லை. றெக்ஸ்டேலிலிருந்து பஸ், சப்வே, மறுபடியும் பஸ் என்று ஒன்றரை மணித்தியாலம் வந்திருந்தார். ஐந்தடி உயரமும் இல்லை. கட்டியிருந்த சேலையில் ஒரு மடிப்புக் குலையவில்லை. பத்து நிமிடத் தூரத்திலிருந்து வந்த நான்தான் கசங்கிப்போய் நின்றேன். ஜன்னலோரம் கொஞ்சம் உயர்த்திய தளத்தில் மேசை போட்டிருந்தது. அதற்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றும்படி கெய்கோ கை காட்டினார். யோகமக்காவின் முகம் உடனே மலர்ந்தது.

“செருப்பைக் கழட்டிப்போட்டுச் சாப்பிடச் சொல்லீனம். அப்ப நல்ல சனந்தான்” என்றார்.

மேசைக்குக் கீழே காலைத் தொங்கப்போட ஒரு குழி. பார்ப்பவர்களுக்கு நிலத்தில் இருப்பது போலத் தோன்றும். முழங்காலுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. சாப்பாடு கறுப்புப் பெட்டியில் வந்தது. உள்ளே தடுப்புத் தடுப்பாகச் சோறு ஒரு பக்கம், மரக்கறிப் பொரியல் ஒரு பக்கம், தோஃபு, அவகாடோ, மூலையில் ஊறுகாய். வெள்ளிக்கிழமை ஆனபடியால் இருவரும் சைவம். யோகமக்கா அப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பனியில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அதுதான் அவருடைய வேலை. பெட்டியை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, மூடியைத் தூக்கி, ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஒண்டோடொண்டு முட்டேல்ல, பாத்தீங்களே?” என்றார் என்னிடம்.

அவர் எனக்குச் சொன்ன இரண்டாவது வசனம் அது. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா, என்ன நட்சத்திரம், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குச்சியை எடுத்துச் சோற்றுப் பக்கத்தைத் தொட்டார். “இது மண்டபம். முதல் இதை முடிப்பம்.” பொரியலைத் தொட்டார். “இது ஐயர்.” தோஃபு, அழைக்க வேண்டிய ஆட்கள். அவகாடோ, சேலை. நான் மண்டபத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐயர் கதையை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“அது மற்றப் பெட்டி, சம்பந்தி. இதை முடிச்சிட்டு வருவம்.”

இன்னும் ஒன்றும் முற்றாகவில்லை. நான் சம்மதமே சொல்லவில்லை. அதற்குள் ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டுவிட்டார். அன்று வீட்டுக்குப் போய்த் தர்சினியிடம், “உன்ர மாமி பொல்லாத மனுசி” என்று சொன்னது ஞாபகம். ஆனால் ஒரு விசயத்தை அவளிடம் மறைத்தேன். கலியாணம் பேசப்போன இடங்களில் எல்லாம் சண்டையோடு எழும்பிய குடும்பம் எங்களுடையது. அன்று முதல் முறையாக ஒரு பெட்டியை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்து, பேச வேண்டியதையும் பேசி முடித்து எழும்பினேன்.

கலியாணம் முடிந்த பிறகும் அந்தச் சந்திப்பு நிற்கவில்லை. நான் சனிக்கிழமையும் உடுப்புத் திருத்தும் கடையில் தைப்பதால் வெள்ளி எனக்கு ஓய்வு. அவருக்கும் அப்படி ஒரு முறை. மாதத்தின் முதல் வெள்ளி பகல், அதே ஜன்னலோர மேசை. பாதி வழியில் வேறு கடை பார்ப்போமா என்று கேட்டால், “உங்கட காலுக்கு அந்தக் குழிதான் சரி” என்பார். என் முழங்கால் வருத்தத்துக்காக ஒரு மனுசி நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாதம் தவறாமல் வந்தார். இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கோப்பையில் மிசோ சூப் வரும். மங்கலான நிறம், அடியில் நாலு துண்டு தோஃபு. யோகமக்காவுக்கு அதென்றால் உயிர். அதற்குப் ‘பருப்புத் தண்ணி’ என்று பெயரும் வைத்திருந்தார். சோயாப் பயறில் செய்வது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதற்கு மேல் நாங்கள் விசாரிக்கவில்லை. கெய்கோவும் நாங்கள் மீன் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டி, மீன் துண்டு இல்லாத பெட்டியைத்தான் கொண்டுவந்தார். நான்காம் ஆண்டில் ஒருநாள், சமையலறைக் கதவு திறந்து மூடிய அந்த ஒரு கணத்தில் யோகமக்கா மூக்கை உயர்த்தினார்.

“சம்பந்தி, மாசி மணக்குது.”

“உங்களுக்கு எங்க போனாலும் மாசிதான்” என்றேன்.

அவர் கேட்கவில்லை. காலுறையோடு எழும்பிச் சமையலறை வாசலுக்குப் போனார். உள்ளே கெய்கோவின் கணவர் ஒரு பையிலிருந்து மரச்சீவல் போன்ற ஒன்றை அள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டு நின்றார். மாசியேதான். நாங்கள் இடித்துச் சம்பலில் போடும் அதே காய்ந்த மீனை அவர்கள் மெல்லிசாகச் சீவிச் சூப்பில் போடுகிறார்கள். கெய்கோ ஒளிக்காமல் சொன்னார்: சூப்பிலும் இருக்கிறது, பொரியலுக்கு வைக்கும் சோஸிலும் இருக்கிறது, எப்போதும் இருந்தது.

யோகமக்கா திரும்பி வந்து இருந்தார். நாலு ஆண்டு. முதல் வெள்ளி தவறாமல். அதிலும் சிலமுறை இங்கிருந்து எழும்பி நேரே கோயிலுக்குப் போயிருக்கிறோம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவரைப் பார்த்தால் தோள் குலுங்குகிறது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தெரியாமல் குடிச்சது போகட்டும்” என்றார் கடைசியில். “தெரிஞ்ச பிறகு கூடாது. அடுத்த மாதத்தில இருந்து வியாழக்கிழமைக்கு மாத்துவம்.”

சூப்பை விடுவோம் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கிழமையை மாற்றினார். மறுநாளே வேலையில் முறை மாற்றி வாங்கினார். நானும் முதலாளியிடம் கெஞ்சி மாதத்தில் ஒரு வியாழன் பகல் வாங்கினேன். அடுத்த முறை சந்தித்தபோது, “முருகனிட்ட மன்னிப்புக் கேட்டீங்களோ?” என்றேன். “கேட்டனான். ஒண்டும் சொல்லேல்ல. நாலு வருசமாப் பேசாமல் இருந்தவர், இப்ப மட்டும் என்னத்தைச் சொல்லுறது?” என்று கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார்.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

ஆறாம் ஆண்டு மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்சினி இரண்டு சூட்கேசுகளோடு என் வீட்டுக்கு வந்தாள். யார் பிழை என்று நான் எழுதப் போவதில்லை. அன்று பின்னேரம் என் வீடு உறவுகளால் நிறைந்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தச் சூட்டில் நான் யோகமக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“உங்கட வளர்ப்பு அப்பிடி. தகப்பனில்லாமல் வளந்த பிள்ளைக்கு நீங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்?”

என் மகளும் தகப்பனில்லாமல் வளர்ந்தவள்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அவர், “சரி சம்பந்தி, பிறகு கதைப்பம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அறையில் இருந்த யாரோ, “நல்லாக் குடுத்தீங்கள்” என்று என்னைப் பாராட்டினார்கள். அதைக் கேட்டவர்கள் பலர் இதையும் வாசிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று மாதம் நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. கோபம் இரண்டு கிழமையில் போய்விட்டது, மிச்சமெல்லாம் வெட்கம். நான்காம் மாதம் ஒரு வியாழன், பல் வலிக்கு மருந்து வாங்கப் பகலில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் அந்தப் பிளாசாவைத் தாண்டும்போது தற்செயலாகத் திரும்பினேன். ஜன்னலோர மேசையில் யோகமக்கா தனியாக இருந்தார். தன் பக்கத்தில் தான் இருந்து, எதிரே என் இடத்தை வெறுமையாக விட்டு, குனிந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். றெக்ஸ்டேலிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வந்து.

அடுத்த தரிப்பில் இறங்கி, கரைந்த பனிச் சேற்றுக்குள்ளால் திரும்பி நடந்தேன். வாசலில் கெய்கோ என்னைக் கண்டதும் குனிந்து வணங்கி, போன மாதமும் அவர் வந்தார், அதற்கு முதல் மாதமும் வந்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் சப்பாத்தைக் கழற்றினேன். யோகமக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“உந்தக் குளிருக்குள்ள நடந்தே வந்தனீங்கள்? காலைக் குழிக்குள்ள விடுங்கோ. அடியில ஹீற்றர் போட்டிருக்கு.”

“அக்கா, நான் அண்டைக்குச் சொன்ன சொல்லு…”

அவர் பெட்டியின் மூலையைக் குச்சியால் தொட்டார். “அது பிள்ளையளின்ர பெட்டி. மூடியாச்சு. நீங்களும் நானும் அதுக்குள்ள கை வைக்கிறேல்ல.”

“அப்ப இனி நான் உங்களுக்கு ஆர்?” என்று கேட்டேன்.

“ஏன்? கோட்டுக்குப் போறது அவையள். உங்களையும் என்னையும் ஆர் கூப்பிட்டது? கடதாசியில எங்கட பேர் இல்லை. சாப்பிடுங்கோ, சம்பந்தி.”

அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் வியாழக்கிழமைகளில் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு பேச எங்களுக்கு எவ்வளவோ இருந்தது. வேலை இடத்துக் கதை, முழங்கால், எந்தக் கடையில் முருங்கைக்காய் முற்றல், ஒரு கதையை அவர் சொல்லத் தொடங்கினால் சிரிப்பு முடிய ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறிப்போகும். உறவுகளுக்கு இது பிடிக்கவில்லை. “இன்னும் என்ன சம்பந்தி கொண்டாட்டம்?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. தர்சினிகூட முதலில், “அம்மா, இட்ஸ் வியர்ட்” என்றாள். பிறகு மழை நாட்களில் அவளே காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். நான் மட்டும் மன்னிப்புக் கேட்க மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும் அவருடைய குச்சி அந்த மூலைக்குப் போனது.

மூன்று மாதத்துக்கு முன்னர் கடைசியாகச் சந்தித்தோம். அன்று சூப் மட்டும் குடித்தார். பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“வயித்துக்குள்ள ஒண்டு வளருதாம், சம்பந்தி. டொக்டர் சொன்னவர். அது வேற பெட்டி, இஞ்ச திறக்க வேண்டாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் வரக்கூடாது.”

“ஏன் அக்கா?”

“நீங்கள் என்னைச் சாப்பாட்டுக்கு முன்னாலதான் பாத்திருக்கிறீங்கள். அப்பிடியே இருக்கட்டும்.”

எழும்பும்போது சப்பாத்தைப் போடக் குனிய அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நான் குனிந்து நாடாவைக் கட்டிவிட்டேன். “வேண்டாம், வேண்டாம்” என்றார். ஆனால் காலை இழுக்கவில்லை. அடுத்த மாதம் தொலைபேசியில், “இந்த முறை வரேலாது, வாற மாதம் பாப்பம்” என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார். பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பிந்திப் போய்க் கடைசி வரிசையில் ஓரமாக இருந்தேன். முன்னுக்கிருந்து சிலர் திரும்பிப் பார்த்துக் காதுக்குள் ஏதோ சொன்னார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பூவை வைத்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடலாம் என்று இருந்தேன். அப்போது வேட்டியும் வெறும் மேலுமாகக் கிரியைக்கு நின்ற பிரதீபன், நடுவில் எழும்பி, எல்லா வரிசையையும் தாண்டி என்னிடம் வந்தார். நான் எழும்பி நின்றேன். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன்.

“மாமி, ஏன் இஞ்ச பின்னுக்கு இருக்கிறீங்கள்? கம் டு த ஃப்ரண்ட், ப்ளீஸ்.”

ஆறு ஆண்டுகளாக அந்த வாயால் நான் கேட்காத சொல் அந்த ‘மாமி’. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினார். போவதற்கு முன் குனிந்து இன்னொன்றும் கேட்டார்.

“எட்டுக்கு அம்மாக்குப் பிடிச்ச சாப்பாடு எல்லாம் வைக்கோணுமாம். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு எனக்குத் தெரியும். அந்த ஜப்பனீஸ் பிளேஸில அம்மா என்ன சாப்பிடுறவ? ஐ நெவர் ஆஸ்க்ட் ஹெர், மாமி. உங்களுக்குத்தான் தெரியும்.”

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை வசதி பார்த்து வெள்ளிக்கிழமை வைத்தார்கள். வெள்ளியில் எட்டோ என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எப்படியோ, படையல் சைவம் என்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் வியாழன் கெய்கோவிடம் போனேன். அவர் என் பின்னால் வாசலைப் பார்த்தார். அவர் இனி இல்லை என்று தலையை ஆட்டினேன். கெய்கோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு விசயத்தைச் சொன்னேன்: நாளைக்கு ஒரு பெட்டி வேண்டும், சூப்பும் வேண்டும், ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. கெய்கோ உள்ளே போய்க் கணவரோடு தங்கள் பாசையில் கதைத்தார். கொஞ்சம் வாக்குவாதம் போலவும் கேட்டது. வெளியே வந்து, நாளை மட்டும் மீன் போடாமல், கடற்பாசியும் காய்ந்த காளானும் கொண்டு சூப் வைத்துத் தருவதாகச் சொன்னார். அந்த அடுப்பில் இதுவரை அப்படி வைத்ததில்லையாம்.

மார்க்கம் நகரத்தில் இருக்கும் பிரதீபனின் வீட்டுக்குத் தர்சினிதான் என்னைக் கொண்டுபோனாள். சூப் சிந்தாமல் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகத் திருப்பினாள். வாசலில் என்னை இறக்கிவிட்டு, “நீங்கள் போங்கோ அம்மா, நான் காருக்குள்ள இருக்கிறன்” என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

உள்ளே வாழையிலை நிறையக் கறிகள். நான் கறுப்புப் பெட்டியோடு நிற்பதை யோகமக்காவின் தமக்கையார் பார்த்தார். “உது என்ன?” என்றார். “யோகமக்கா என்னோட சாப்பிடுறது” என்றேன். வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து கத்தரிக்காய்க் குழம்பைத் தள்ளி, புட்டைத் தள்ளி, இலையின் நடுவில் இடம் பண்ணினார். நான் பெட்டியைத் திறந்து, வழியில் சரிந்திருந்த பொரியலை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினேன். பக்கத்தில் சூப்பை வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்த பிறகு அந்தச் சூப்பில் எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது. உண்மையைச் சொல்வதானால், மாசி இல்லாத அந்தச் சூப்பில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. யோகமக்கா இருந்திருந்தால், “சம்பந்தி, எட்டை வியாழக்கிழமை வைக்கச் சொல்லியிருக்கலாமே” என்றிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில் சிரிக்கிறாள் என்று பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டில், அந்த நினைவு மலரில், நானும் எழுத வேண்டும் என்று அன்று பிரதீபன் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இந்தப் பக்கங்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

யோகமக்கா, நீங்கள் மூடி வைத்த பெட்டியை இன்றைக்கு ஒரே ஒரு தரம் திறக்கிறேன். கோபிக்காதீர்கள். பத்துப் பேர் கேட்க உங்கள் வளர்ப்பைப் பழித்தவள் நான். அந்தப் பத்துப் பேரும் வாசிக்க இதை எழுதுகிறேன்: அது பிழையான சொல். கடைசி வரிசைவரை வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளையிடம் உங்கள் வளர்ப்பை என் கண்ணால் பார்த்தேன். என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்; கேட்க விடாமலே மன்னித்தீர்கள். ஆனாலும் கேட்க வேண்டியது என் கடமை. கேட்டுவிட்டேன். மூடிவிட்டேன்.

வாற மாதம் முதல் வியாழன் நான் கெய்கோவின் கடைக்குப் போவேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் இருப்பேன். முன்பு நீங்கள் மூன்று மாதம் எனக்காக அப்படி இருந்தீர்கள். உங்களுக்காக நான் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருப்பேன். போட்டு வாங்கோ, அக்கா.

ஒரு விசயம் மிச்சம். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் கட்டுரைக்குக் கீழே மகன், தமக்கை, பெறாமகள் என்று உறவைப் போட்டிருக்கிறார்களாம். “உங்களுக்கு என்ன போட, மாமி?” என்று நேற்றுப் பிரதீபன் தொலைபேசியில் கேட்டார். அச்சுக்குப் போக முன்னம் சொல்ல வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. யோகமக்கா சம்மதம் கேட்காமலே முதல் நாளில் எனக்கு வைத்த பெயர் இருக்கிறது. முன்னுக்கு வேறு ஒரு சொல்லும் சேர்க்காமல் அதையே போடுங்கள்.

பவளம்
சம்பந்தி